விடைத்தாளில் திருத்துபவருக்கு எத்தனை மதிப்பெண்?

தேர்வு முடிவு வந்ததும் இரண்டு பேச்சுகள் கிளம்பும். “வேணும்னே மார்க்கைக் குறைச்சிட்டாங்க” என்பது ஒன்று. “நீ ஒழுங்கா எழுதியிருந்தா ஏன் போடாமப் போறாங்க” என்பது இன்னொன்று. முதல் பேச்சில் ஆசிரியர் வில்லன், இரண்டாவதில் மாணவர் சோம்பேறி. இரண்டு பேரும் சண்டை போட்டாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: ஒவ்வொரு விடைத்தாளுக்கும் ‘சரியான’ மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது, மனசாட்சியுள்ள ஆசிரியர் கையில் தாள் கிடைத்தால் அது தானாக வந்துவிடும்.

அந்த நம்பிக்கையில்தான் கோளாறு. மனசாட்சியுள்ள, பாடம் நன்றாகத் தெரிந்த, யார் மேலும் கோபமில்லாத பத்து ஆசிரியர்களிடம் ஒரே தாளைக் கொடுத்தாலும் பத்து பேரும் ஒரே எண்ணைப் போடமாட்டார்கள். அநியாயமான மதிப்பெண்ணில் கொஞ்சம்தான் கெட்ட எண்ணத்தால் வருவது. மீதி எங்கிருந்து வருகிறது, எது மாணவரை அதிகம் பாதிக்கிறது, எதற்கு எந்த மருந்து என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இரண்டு வகைப் பிழை

மளிகைக் கடையில் இரண்டு தராசுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தராசு எதை வைத்தாலும் 50 கிராம் குறைத்தே காட்டும். இரண்டாவது தராசு ஒரே சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு தடவை 960 கிராம் என்கிறது, அடுத்த தடவை 1,030 என்கிறது, மூன்றாம் தடவை சரியாக ஒரு கிலோ காட்டுகிறது. இரண்டுமே கெட்ட தராசுகள்தான். ஆனால் கெட்டுப்போன விதம் வேறு.

முதல் வகையைச் சாய்வு என்போம்: பிழை எப்போதும் ஒரே பக்கமாகப் போகிறது, அதனால் ஒரு தரப்புக்குத் தொடர்ந்து நஷ்டம். இரண்டாவது வகையைச் சிதறல் என்போம்: பிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது, யாருக்கு நஷ்டம் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

மருந்தும் வேறு. சிதறும் தராசில் நாலைந்து தடவை நிறுத்துச் சராசரி எடுத்தால் உண்மையான எடைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். சாய்ந்த தராசில் நூறு தடவை நிறுத்தாலும் அதே 50 கிராம் போய்க்கொண்டுதான் இருக்கும். மதிப்பெண் பற்றிய விவாதங்களில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் “ரீவேல்யூஷன் போட்டா சரியாயிடும்” என்பது எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரையாகிவிட்டது.

ஒரே தாள், 28-ம் 95-ம்

மதிப்பெண்ணில் சிதறல் இருக்கிறது என்பது நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1888-லேயே எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் பிரிட்டனில் தேர்வு முடிவுகளில் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட்டு எழுதினார். எல்லாரும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரும் செய்த சோதனையை. 1912-ல் அவர்கள் ஆங்கில விடைத்தாள்களைப் பிரதியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு ஒருவர் 64 போட்டிருந்தார், இன்னொருவர் 98. “கட்டுரை என்றால் அப்படித்தான், ரசனைக்கு ரசனை மாறும், கணக்கில் இது நடக்காது” என்று விமர்சனம் வந்தது. மறுவருடம் வடிவியல் தாள் ஒன்றை அனுப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் திருத்தினார்கள். மதிப்பெண் 28-லிருந்து 95 வரை போனது. ஆங்கிலத்தைவிடக் கணக்கில் சிதறல் அதிகம்!

இது எப்படி நடக்கும் என்று நம் ஊர்க் கணக்கிலேயே பார்க்கலாம். பிளஸ் டூவில் கிராமர் விதிப்படி (டெல்டா எனப்படும் அணிக்கோவைகளைக் கண்டுபிடித்து, வகுத்து விடை காணும் முறை) மூன்று சமன்பாடுகளைத் தீர்க்கச் சொல்லி 5 மதிப்பெண் கேள்வி. மாணவி டெல்டாவைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். டெல்டா எக்ஸ், டெல்டா ஒய்யும் சரி. டெல்டா இசட்டில் ஒரு கழித்தல் குறி கூட்டலாகிவிட்டது. அதனால் இசட்டின் மதிப்பு தப்பு. இப்போது எத்தனை போடுவீர்கள்?

ஒரு ஆசிரியர் சொல்வார்: “முறை முழுக்கத் தெரிஞ்சிருக்கு, ஒரு சைன் மிஸ்டேக், நாலு.” அடுத்தவர்: “டெல்டா இசட்டுக்கு ஒண்ணு போச்சு, கடைசி விடை தப்பு, அதுக்கு ஒண்ணு போச்சு, மூணு.” இன்னொருவர்: “ஆன்சரே வரலையே, ரெண்டுக்கு மேல எப்படிப் போட?” மூன்று பேரும் நேர்மையானவர்கள். ஒரே பிழைக்கு ஒரு தடவை தண்டனையா, அது தொட்டு நடந்த எல்லாப் படிகளுக்கும் தண்டனையா என்பதில்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. கேள்வித்தாளில் இதற்குப் பதில் இல்லை. ஸ்டார்ச்சின் வடிவியல் தாளிலும் இதே கதைதான்: சிலர் தாளின் நேர்த்திக்கும் சேர்த்து வெட்டினார்கள், சிலர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இதோடு அன்றைய தினத்தின் பாதிப்பும் சேர்ந்துகொள்ளும். நாலு சுமாரான தாள்களுக்குப் பின் ஒரு நடுத்தரத் தாள் வந்தால் அது பிரமாதமாகத் தெரியும். அதே தாள் ஒரு முதல் மாணவரின் தாளுக்கு அடுத்து வந்தால் பரிதாபமாகத் தெரியும். விடைத்தாள் கட்டுக்குள் உங்கள் தாள் எந்தத் தாளுக்குக் கீழே இருந்தது என்பதை நீங்கள் படித்து மாற்ற முடியாது.

இதுவரை பார்த்தது சிதறல். இதில் யாரும் யாரையும் குறிவைக்கவில்லை. திருத்தும் விதி தெளிவாக இல்லாததால் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் எண் மாறுகிறது.

சாய்வு: தெரிந்தே செய்வது குறைவு

1920-ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பிட வேண்டும். ஒன்றில் அதிகம் போட்டவருக்கு எல்லாவற்றிலும் அதிகம் போட்டிருந்தார்கள். மிடுக்காக நிற்பவர் புத்திசாலியாகவும் நல்லவராகவும் ஆகிவிட்டார். ஒரு நல்ல அம்சத்தின் வெளிச்சம் மற்ற எல்லாவற்றின் மேலும் படிவதால் இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். வகுப்பில் இது தினசரி நடப்பது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டு எழுதும் பையனின் அரைகுறை விடை ‘ஏதோ அவசரத்தில் விட்டுவிட்டான்’. கடைசி பெஞ்சுக்காரனின் அதே அரைகுறை விடை ‘இவனுக்கு என்ன தெரியும்’.

வெறும் கணிப்பில்லாமல் இதை நேரடியாக அளந்து பார்த்த ஒரு ஆய்வு இந்தியாவில் நடந்திருக்கிறது. ரேமா ஹானா, லீ லிண்டன் என்ற இரு பொருளியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு பரிசுத் தேர்வு நடத்தினார்கள். விடைத்தாள்களைப் பிரதியெடுத்து, முகப்புத் தாளில் வயது, பாலினம், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். அதாவது உள்ளே இருக்கும் விடைக்கும் முகப்பில் இருக்கும் சாதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2012-ல் வெளியான முடிவு: ஒடுக்கப்பட்ட சாதி என்று எழுதியிருந்த தாள்களுக்குக் கொஞ்சம் குறைவாக மதிப்பெண் விழுந்தது. எவ்வளவு கொஞ்சம்? நூற்றுக்கு எழுதும் தேர்வில் மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சுமார் 20 விலகியிருந்தால், இந்த வெட்டு அரை மதிப்பெண்ணிலிருந்து ஒன்றரை மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் மேல் வரைதான். பாலினத்தை வைத்து வேறுபாடு காட்டியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இந்த ஆய்வில் இரண்டு விவரங்கள் முக்கியம். திருத்த ஆரம்பித்த முதல் தாள்களில்தான் இந்தச் சாய்வு அதிகம். திருத்தத் திருத்த, எது நல்ல விடை என்று கைக்குப் பிடிபட்டதும் அது தேய்ந்துவிட்டது. அப்புறம், இந்த வெட்டு பெரும்பாலும் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களிடமிருந்தே வந்திருந்தது. சாதி வெறுப்பு என்ற ஒற்றை விளக்கத்தில் இது அடங்காது. விதி தெளிவில்லாதபோது திருத்துபவரின் மனம், தாளுக்கு வெளியே இருக்கும் எதையாவது பிடித்துக்கொள்கிறது. ஊர் எதைச் சொல்லி வளர்த்ததோ அது அங்கே துணைக்கு வந்து நிற்கிறது.

இஸ்ரேலில் விக்டர் லேவி என்பவர் மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் இரண்டு மதிப்பெண்களை ஒப்பிட்டார். ஒன்று பெயர் தெரியாமல் வெளியே திருத்தப்பட்டது, மற்றது தெரிந்த ஆசிரியரே பள்ளியில் போட்டது. இப்படிப் பெயர் தெரியாமல் திருத்துவதை மறைமதிப்பீடு என்போம். மாணவிகளுக்குத்தான் குறைத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். கிடைத்தது நேர்மாறு: ஆசிரியர் ஆளைத் தெரிந்து போட்ட மதிப்பெண்களில் பையன்கள்தான் பின்தங்கினார்கள். சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே முடிவுகட்ட முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

பூட்டு ஒரு பக்கம், ஜன்னல் இன்னொரு பக்கம்

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். பிளஸ் டூ பொதுத்தேர்வில் மேலே சொன்ன இரண்டு நோய்களுக்கும் மருந்து ஏற்கெனவே இருக்கிறது. பெயரும் பதிவெண்ணும் இருக்கும் பகுதி திருத்துபவர் கைக்குப் போகாது. டம்மி நம்பர் மட்டும்தான் தெரியும். தாள் வேறு மாவட்டத்துக்குப் போகும். இது சாய்வுக்குப் பூட்டு. எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று விடைக்குறிப்பு அச்சாகி வரும், எல்லாரும் ‘கீ’ என்று சொல்வது இதைத்தான். உதவித் தேர்வாளர் திருத்தியதை முதன்மைத் தேர்வாளர் மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார், கூட்டலைச் சரிபார்க்க வேறொருவர் இருப்பார். இது சிதறலுக்குக் கடிவாளம். கிராமர் விதிக் கேள்வியில் ஒரே பிழைக்கு எத்தனை தடவை வெட்டுவது என்ற தகராறை அந்தக் கீ முதல் நாளே தீர்த்துவிட வேண்டும்.

இது முழுப் பாதுகாப்பு இல்லைதான். பெயரை மறைத்தாலும் கையெழுத்தை மறைக்க முடியாது. தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதும் தாளைத் திறந்ததும் தெரிந்துவிடும். ஆனாலும் நம்மிடம் இருப்பதில் இதுதான் பலமான ஏற்பாடு.

வேடிக்கை என்னவென்றால், ஊர்ச் சண்டை முழுக்க இந்தப் பூட்டிய கதவின் முன்னால்தான் நடக்கிறது. பக்கத்தில் ஜன்னல் விரியத் திறந்து கிடக்கிறது. பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்திலும் 10 மதிப்பெண் அகமதிப்பீடு, அதாவது ஆசிரியரே பள்ளியில் போடும் மதிப்பெண். வருகை, வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு, மற்ற செயல்பாடுகள் என்று அதற்குக் கணக்கு உண்டு. அறிவியல் பாடங்களில் செய்முறைத் தேர்வு 20 மதிப்பெண். இரண்டிலும் ஆள் நேரில் நிற்கிறார். பல பள்ளிகள் இந்தத் தொல்லையே வேண்டாமென்று எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுகின்றன. அது சண்டையைத் தவிர்க்கும், ஆனால் அப்புறம் அந்தப் பத்து மதிப்பெண் எதையும் அளக்கவில்லை.

கல்லூரியில் ஜன்னல் இன்னும் பெரிது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் எழுத்துப் பாடத்துக்கு 2017 விதிமுறையில் நூற்றுக்கு 20 ஆக இருந்த இன்டர்னல் (அகமதிப்பீடு), 2021 விதிமுறையில் 40 ஆனது. வருடம் முழுக்கப் படிக்க வைக்க அது நல்ல யோசனைதான், கடைசி மூன்று மணி நேரத்தில் தலையெழுத்து தீர்மானமாவதைவிட மேல். ஆனால் பெயர் தெரிந்து போடப்படும் பங்கு இரண்டு மடங்காகிவிட்டது என்பதும் நிஜம். “அவர்கிட்ட வாய் கொடுக்காதே, இன்டர்னல்ல கை வச்சிடுவார்” என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லும் அறிவுரையில் நான் இதுவரை பார்த்த எல்லாக் கட்டுரைகளையும்விடத் தெளிவு இருக்கிறது. உண்மையில் கை வைத்தாரா என்பது அப்புறம். வைக்கலாம் என்ற பயமே போதும், கேள்வி கேட்கும் கை கீழே இறங்கிவிடும்.

சுருக்கமாக: பொதுத்தேர்வில் மிச்சமிருப்பது பெரும்பாலும் சிதறல். அகமதிப்பீட்டிலும் செய்முறையிலும் சாய்வுக்கு இடம் தாராளம்.

மறுமதிப்பீட்டில் ஏன் ஏறுகிறது?

“ரீவேல்யூஷனில் இத்தனை பேருக்கு மார்க் ஏறியிருக்கே, அப்ப முதல் தடவை வேணும்னே குறைச்சதுதானே?” என்று கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். எல்லாருமே 35-க்குத் தகுதியானவர்கள் என்று ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். சிதறலால் பாதிப் பேருக்கு 38 போல விழுகிறது, பாதிப் பேருக்கு 32 போல. 38 கிடைத்தவர் விண்ணப்பிப்பாரா? சத்தமில்லாமல் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். 32 கிடைத்தவர்தான் பணம் கட்டுவார். ஆக மறுபடி அளக்கப்படுவது துரதிர்ஷ்டப் பாதி மட்டும். இரண்டாவது முறை அளந்தால் அவர்கள் 35-ஐ நோக்கித்தான் நகர்வார்கள். யாரும் யாருக்கும் துரோகம் செய்யாமலே மதிப்பெண் ஏறும்.

இதனால் எல்லா ஏற்றமும் சுத்தம் என்று அர்த்தமில்லை. 2017 ஏப்ரல், மே மாதப் பொறியியல் தேர்வுகளுக்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தில் 3 லட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள் மறுமதிப்பீட்டுக்கு வந்தன, அவற்றில் 73 ஆயிரத்துக்கும் மேல் தேர்ச்சி என்று மாறின. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போட்டார்கள் என்று 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. அது மூன்றாவது வகை. பிழை என்று சொல்வது தப்பு, அது குற்றச்சாட்டு, அதைப் பார்க்க நீதிமன்றம் இருக்கிறது. நான் சொல்ல வருவது, ஏற்றத்தை மட்டும் வைத்து இந்த மூன்றில் எது நடந்தது என்று சொல்ல முடியாது என்பதைத்தான்.

ஆசிரியரை ஒதுக்கிவிட்டுக் கணக்கை நம்பினால்?

இங்கிலாந்து 2020-ல் அதை முயன்றது. கொரோனாவால் தேர்வுகள் ரத்தாக, ஆசிரியர்கள் கணித்த தரத்தைப் பள்ளியின் பழைய முடிவுகளோடு பொருத்தும் ஒரு சூத்திரம் ஏ லெவல் (நம் பிளஸ் டூ போன்ற பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்குத் தரம் போட்டது. ஆசிரியர்கள் கொடுத்த தரங்களில் 40 சதவீதத்துக்கு அருகில் கீழே இறங்கின. வழக்கமாகச் சுமாரான முடிவு காட்டும் பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, தனக்கு முன்னால் படித்தவர்களின் மதிப்பெண்ணைச் சுமக்க வேண்டியதாயிற்று. தெருவில் போராட்டம் வெடிக்க, ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கியது. சிதறலே இல்லாத துல்லியமான தராசு, ஆனால் முழுக்கச் சாய்ந்தது. மறுவருடம் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது தமிழ்நாடு வேறு வழியில் போனது: பத்தாம் வகுப்பு மதிப்பெண் 50 சதவீதம், பிளஸ் ஒன் 20, பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் 30. அவரவர் கடந்த காலம் அவரவர் தலையில். அதுவும் கச்சிதம் இல்லை, ஆனால் அடுத்தவர் பாவம் தலையில் ஏறவில்லை.

மாணவருக்கு என்ன ஆகிறது

முதல் பாதிப்பு எண்ணிலேயே. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் ஒன்று அப்படியே போகும், இயற்பியலில் போனால் அரை. கூட்டம் நெரியும் இடங்களில் அரை கட்-ஆஃபுக்கு நடுவே பெரிய வரிசையே நிற்கும். ஹானா, லிண்டன் ஆய்வில் வந்த ‘சின்ன’ வெட்டு அங்கே ஒரு கல்லூரியையே மாற்றிவிடலாம். சராசரியில் சின்னதாகத் தெரிவது வரிசையில் நிற்பவருக்குச் சின்னதில்லை.

இரண்டாவது பாதிப்பு மெதுவாக வரும், நீண்ட காலம் இருக்கும். அதே லேவி, எடித் சாண்ட் என்பவருடன் சேர்ந்து டெல் அவிவ் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர்களின் மதிப்பெண்ணையும் மறைமதிப்பீட்டு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு, அந்தக் குழந்தைகள் பிறகு என்ன படித்தார்கள் என்று பார்த்தார். கணக்கில் பையன்களுக்குச் சாதகமாகப் போட்ட ஆசிரியரிடம் படித்த மாணவிகள், பின்னால் மேல்நிலைப் பள்ளியில் உயர்நிலைக் கணிதத்தை எடுப்பது குறைந்திருந்தது. ஆறாம் வகுப்பில் போன நாலு மதிப்பெண் எந்தச் சான்றிதழிலும் இல்லை. ஆனால் ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற முடிவு கூடவே வந்துவிட்டது. பயாலஜி குரூப்பா கம்ப்யூட்டர் குரூப்பா என்று பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை தேர்ந்தெடுக்கும்போது, அந்த முடிவில் எந்த ஆசிரியரின் பேனா எவ்வளவு பேசுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

1960-களில் ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றில் குலுக்கல் முறையில் எடுத்த ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளை ‘இவர்கள் சீக்கிரம் மலர்வார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். வருட முடிவில் கீழ் வகுப்புகளில் அந்தக் குழந்தைகள் நிஜமாகவே முன்னேறியிருந்ததாக எழுதினார்கள். இந்த ஆய்வை மேடைப் பேச்சாளர்கள் மந்திரம் போலச் சொல்வது வழக்கம். அதன் அளவீடுகள் பற்றி அன்றே கடுமையான விமர்சனங்கள் வந்தன, பின்னால் வந்த ஆய்வுகளில் விளைவு சிறிதாகவே இருந்தது. எதிர்பார்ப்புக்கு வலு உண்டு, மந்திர வலு இல்லை.

மூன்றாவது, முயற்சி. உழைத்தால் மதிப்பெண் வரும் என்ற கயிறு அறுந்துவிட்டால் உழைப்பது முட்டாள்தனமாகிவிடும். “என்ன எழுதினாலும் எனக்கு இவ்வளவுதான்” என்று ஒரு பிள்ளை சொல்ல ஆரம்பித்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டும் முன் அந்தக் கணக்கு அதன் அனுபவத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கையில் இருக்கும் வழிகள்

ஆசிரியர்களுக்குச் செலவில்லாத சில பழக்கங்கள் இருக்கின்றன. வகுப்புத் தேர்வில் பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லலாம். ஒவ்வொரு தாளாக முழுசாகத் திருத்தாமல், எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, அப்புறம் எல்லாத் தாளிலும் இரண்டாவது கேள்வி என்று போகலாம். முதல் கேள்வியின் ஒளிவட்டம் அடுத்ததில் விழாது. கட்டு முடிந்ததும் முதலில் திருத்திய ஐந்தாறு தாள்களை ஒரு தடவை திரும்பப் பார்க்கலாம், சாய்வு அங்கேதான் அதிகம் என்று மேலே பார்த்தோம்.

பெற்றோரும் மாணவரும் அகமதிப்பீட்டைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது வருடத் தொடக்கத்தில்: எதற்கு எத்தனை, எப்போது சொல்வீர்கள், தாளைத் திருப்பித் தருவீர்களா? மார்ச்சில் கேட்டால் அது சண்டை. ஜூனில் கேட்டால் வெறும் விசாரிப்பு.

பொதுத்தேர்வில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்குவதுதான் முதல் படி. வந்ததும் உணர்ச்சிவசப்பட்டு விடையைப் படிக்க உட்காராதீர்கள். முதலில் கூட்டலைச் சரிபாருங்கள். பிறகு, திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்று கடைசி வரை புரட்டுங்கள், குறிப்பாக ஒரு விடை இரண்டு இடங்களில் பிரிந்திருந்தால். கூட்டலில் மட்டும் பிழையென்றால் மறுகூட்டல் போதும். இல்லையென்றால் பாட ஆசிரியரோடு உட்கார்ந்து, கீயைப் பக்கத்தில் வைத்து, படிப்படியாக ஒப்பிடுங்கள். கீயில் மதிப்பெண் உண்டு, தாளில் விழவில்லை என்று பேனாவால் சுட்டிக்காட்ட முடிந்தால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாம். “இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்” என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது என்றால், அந்தச் சிதறல் அடுத்த தடவை கீழ்ப் பக்கமாகவும் போகலாம்.